ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவி விளக்கம்: ஒரு வரி போதுமா, ஒரு பத்தி வேண்டுமா?

வேர்ட்பிரஸ் தளத்தைப் பார்த்துக்கொள்ள, சொன்னதைப் புரிந்துகொண்டு தானே வேலை செய்யும் ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைக்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது எந்த மாடல் நல்லது என்பதைத்தான். மாடல்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாடலின் கையில் கொடுக்கும் கருவிகளுக்கு, அதாவது பதிவைத் தேடுவது, நீக்குவது போன்ற செயல்களுக்கு, நாம் எழுதிவைக்கும் விளக்கம் மட்டும் அப்படியே இருக்கும். எந்த மாடல் வந்தாலும் அதைப் படித்துவிட்டுத்தான் வேலையில் இறங்கும். அதனால் விளக்கத்தை எப்படி எழுதுவது என்பதை முதலில் தீர்மானித்துவிடுவது நல்லது.

ஏஜென்ட் நம்மைப் போல டாஷ்போர்டைப் பார்த்து வேலை செய்வதில்லை. சிவப்பில் இருக்கும் டிராஷ் இணைப்போ, பக்கத்தில் தெரியும் கேட்டகரி டிக் பெட்டிகளோ அதன் கண்ணில் படாது. கருவியின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். கிளாட் மாடலை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் இதுதான் அமைப்பு. 2025 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் 6.9 பதிப்பின் எபிலிட்டீஸ் ஏபிஐயிலும் (ஏபிஐ என்பது ஒரு மென்பொருளை இன்னொரு மென்பொருள் அழைத்து வேலை வாங்கும் வழி) இதேதான்: ஒரு பிளகின் தனக்குத் தெரிந்த வேலையைப் பதிவு செய்யும்போது பெயரோடு விளக்கத்தையும் எழுதியே ஆக வேண்டும். பிளகின் எழுதுகிறவர்கள், தளம் பராமரிக்கிறவர்கள் எல்லோருக்கும் இப்போது இது அன்றாட வேலை ஆகிவிட்டது.

இதற்கு நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஏபிஐயில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வது, ஒரு வரி எழுதுவது, ஒரு பத்தி எழுதுவது, எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து ஒரே பொதுக்குறிப்பு எழுதுவது. பதிவை நீக்குவது, பதிவைத் திருத்துவது என்ற இரண்டு வேலைகளை வைத்தே இவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஏபிஐயிலிருந்து எடுப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். 2016 டிசம்பரில் வந்த 4.7 பதிப்பிலிருந்தே பதிவுகளைக் கையாளும் ரெஸ்ட் ஏபிஐ வேர்ட்பிரஸின் மையத்தில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது தலைப்பு, கேட்டகரி போன்று நிரப்ப வேண்டிய ஒவ்வொரு தகவலுக்கும், ஒரு சின்ன விளக்கம் ஏற்கெனவே உண்டு. அவற்றைத் தானாகவே கருவிகளாக மாற்றிவிடலாம்; ஒரு மணி நேரத்தில் ஏஜென்ட் ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த விளக்கங்கள், ஆவணத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிரல் எழுதும் டெவலப்பருக்காக எழுதப்பட்டவை. கேட்டகரி புலத்தின் விளக்கம், கேட்டகரி வகைப்பாட்டில் இந்தப் பதிவுக்கு ஒதுக்கப்பட்டவை என்ற அளவில் நின்றுவிடுகிறது. பெயரைக் கொடுக்கக் கூடாது, எண்ணைத்தான் கொடுக்க வேண்டும் என்பது அதில் இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் இல்லை: கொடுக்கும் பட்டியல் பழைய பட்டியலோடு சேராது, பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும்.

‘செய்திகள்’, ‘விளையாட்டு’ என்ற இரண்டு கேட்டகரிகளில் ஒரு பதிவு இருக்கிறது. இதை ‘உள்ளூர்’ கேட்டகரியிலும் சேர் என்று ஏஜென்ட்டிடம் சொல்கிறோம். அது உள்ளூருக்கான எண்ணை மட்டும் அனுப்புகிறது. ஏபிஐ வெற்றி என்று பதில் தருகிறது. ஏஜென்ட்டும் சேர்த்துவிட்டேன் என்று நம்மிடம் சொல்கிறது. மற்ற இரண்டும் போய்விட்டன. வேர்ட்பிரஸ் சேமித்துவைக்கும் பழைய பிரதிகளான ரிவிஷன்களில் தலைப்பும் உள்ளடக்கமும் சுருக்கமும் இருக்கும், கேட்டகரி இருக்காது. எனவே பழைய நிலைக்குத் திரும்ப அந்த வழியும் இல்லை. நூறு பதிவுகளுக்குச் சேர்த்து இப்படி ஒரு கட்டளை கொடுத்திருந்தால் நிலைமை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளடக்கத்திலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. ரெஸ்ட் ஏபிஐயிடம் சாதாரணமாகப் பதிவைக் கேட்டால், வாசகர் பார்க்கும் வடிவில் கொடுக்கும். திருத்தும் சூழல் என்று குறிப்பிட்டுக் கேட்டால்தான், பத்தி எது படம் எது என்று எடிட்டருக்குச் சொல்லும் பிளாக் குறிகளோடும் ஷார்ட்கோடுகளோடும் மூல வடிவம் கிடைக்கும். ஏஜென்ட் முதல் வடிவத்தைப் படித்து, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி, அதையே திரும்ப எழுதிவிட்டால் பிளாக் குறிகள் அத்தனையும் காணாமல் போகும். தளத்தில் பார்க்கும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அடுத்த வாரம் யாராவது எடிட்டரைத் திறக்கும்போது மொத்தப் பதிவும் ஒரே கிளாசிக் பிளாக்காக நிற்கும். இவை எல்லாம் டெவலப்பர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயங்கள். ஏஜென்ட்டுக்கு நாம் சொன்னால்தான் உண்டு.

தானாக மாற்றும்போது கருவிகளின் எண்ணிக்கையும் கட்டுக்கடங்காமல் போகும். ஒரே நேரத்தில் 20 கருவிகளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஓபன்ஏஐயின் ஆலோசனை. வேர்ட்பிரஸின் மொத்த ஏபிஐயையும் மாற்றினால் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். சோதனைத் தளத்தில் விளையாடிப் பார்க்க இந்த வழி சரி. நடப்பில் இருக்கும் தளத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு வரி விளக்கம் படிக்கிற கருவிகளுக்குப் பெரும்பாலும் போதும். தேடுவது, பட்டியல் எடுப்பது, கமெண்ட்டுகளைப் படிப்பது போன்றவற்றில் தவறு நடந்தாலும் தளம் கெடாது. அதிலும் அந்த ஒரு வரியில் எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். ‘பதிவுகளைத் தேடும்’ என்று எழுதினால் பெயரில் இருப்பதையே திரும்பச் சொன்னதாகத்தான் ஆகும். ‘பதிவுகளைத் தேடும், எண்ணிக்கை கொடுக்காவிட்டால் 10 மட்டுமே வரும், ஒரு அழைப்புக்கு உச்சவரம்பு 100’ என்று எழுதினால் பயன் உண்டு. எத்தனை டிராஃப்ட் கிடக்கிறது என்று ஆசிரியர் கேட்கும்போது, வந்த பத்தை மட்டும் எண்ணிப் பத்து என்று பதில் சொல்வதை இந்தக் கூடுதல் பாதி வரி தடுத்துவிடும்.

எழுதுகிற, மாற்றுகிற, நீக்குகிற கருவிகளுக்கு ஒரு வரி போதவே போதாது. ‘பதிவை நீக்கும்’ என்ற விளக்கத்தைப் படித்த ஏஜென்ட், அந்தச் செய்தியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுங்கள் என்ற வேண்டுகோளுக்கும் அதையே அழைக்கும். சொன்னவருக்கு வேண்டியிருந்தது, செய்தி தற்காலிகமாகத் தெரியாமல் இருப்பது. அதற்கு டிராஃப்ட் நிலைக்கு மாற்றினால் போதும்.

இனி பத்தி விளக்கம். கருவி சரியாக வேலை செய்வதைத் தீர்மானிப்பதில் முதலிடம் விரிவான விளக்கத்துக்குத்தான் என்று ஆந்த்ரோபிக்கின் ஆவணம் சொல்கிறது. குறைந்தது மூன்று நான்கு வாக்கியமாவது எழுதச் சொல்கிறது. அவர்களே தங்கள் அனுபவம் ஒன்றையும் பகிர்ந்திருக்கிறார்கள். கிளாடுக்கு இணையத் தேடல் கருவியைக் கொடுத்தபோது, அது தேவையில்லாமல் தேடல் சொற்களோடு 2025 என்று சேர்த்துக்கொண்டே இருந்ததாம். முடிவுகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. மாடலைத் தொடாமல், கருவி விளக்கத்தைச் செப்பனிட்டே அதைச் சரிசெய்திருக்கிறார்கள். மாடலை உருவாக்கியவர்களே விளக்கத்தைத் திருத்திக் குறையைத் தீர்க்கிறார்கள் என்றால், வெளியில் இருக்கும் நமக்கு அதுதான் முதல் வழி.

நீக்கும் கருவிக்கு நான் எழுதும் பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“ஒரு பதிவை டிராஷுக்கு அனுப்பும். தளத்திலிருந்து உடனே மறைந்துவிடும். 30 நாளுக்குள் டாஷ்போர்டிலிருந்து மீட்கலாம். பதிவு வாசகர்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்றால் இந்தக் கருவியை அழைக்க வேண்டாம். திருத்தும் கருவியில் நிலையை டிராஃப்ட் என்று மாற்றவும். பதிவின் எண் பயனர் கொடுத்ததாகவோ, இந்த உரையாடலில் தேடிக் கிடைத்ததாகவோ இருக்க வேண்டும். ஊகித்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. அழைப்பதற்கு முன் தலைப்பையும் வெளியான தேதியையும் பயனரிடம் காட்டி ஒப்புதல் வாங்கவும். ஏற்கெனவே நீக்கப்பட்டது என்ற பிழை வந்தால் பதிவு டிராஷில் இருக்கிறது என்று பொருள். மறுபடி முயல வேண்டாம். படங்களுக்கும் மற்ற மீடியா கோப்புகளுக்கும் இது பொருந்தாது.”

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, எப்போது அழைக்கக் கூடாது என்பதையும் அதற்குப் பதில் எங்கே போக வேண்டும் என்பதையும் சொல்லும் வாக்கியம். செய்யாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் ஏஜென்ட் வேறு ஏதாவது வழியைத் தானே தேடிக்கொள்ளும். சரியான வழியையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அந்தத் தேடலுக்கு வேலையில்லை. அடுத்தபடியாக முக்கியம், பிழை வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது. பெரும்பாலானோர் இதை எழுதுவதே இல்லை.

பிழைச் செய்தி எவ்வளவு தூரம் ஏஜென்ட்டை இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு வேர்ட்பிரஸிலேயே உதாரணம் இருக்கிறது. படத்தை நீக்கச் சொல்லி ரெஸ்ட் ஏபிஐயை அழைத்தால், வழக்கமான அமைப்பில் படங்களுக்கு டிராஷ் கிடையாது என்பதால் மறுத்துவிடும். மறுக்கும் செய்தியிலேயே, நீக்க வேண்டுமென்றால் ஃபோர்ஸ் என்பதை ட்ரூ என்று வைக்கவும் (டிராஷுக்குப் போகாமல் நிரந்தரமாக நீக்கு என்று பொருள்) என்ற குறிப்பும் வரும். டெவலப்பர் அதைப் படித்தால் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார். ஏஜென்ட்டுக்கு அது அடுத்த கட்டளை மாதிரி. அப்படியே செய்துவிடும், படம் திரும்ப வராது. ஆகவே ஏபிஐ தரும் பிழைச் செய்தியை அப்படியே ஏஜென்ட்டிடம் கொடுக்காமல், நடுவில் பிடித்து நம் வார்த்தையில் மாற்றிக் கொடுக்க வேண்டும். ‘படங்களை இந்தக் கருவியால் நீக்க முடியாது, நீக்க வேண்டிய படத்தின் முகவரியைப் பயனரிடம் சொல்லவும்’ என்று வந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

பத்தி விளக்கத்துக்குச் செலவு உண்டு. எல்லாக் கருவிகளின் விளக்கமும் உரையாடல் முழுக்க மாடலின் முன்னால் இருந்தாக வேண்டும் என்பதால் டோக்கன், அதாவது மாடல் எழுத்தை அளந்து கட்டணம் போடும் அலகு, ஏறும். முன்பகுதியைச் சேமித்துவைக்கும் கேஷ் வசதியால் பணச் செலவு குறையும். கவனச் செலவு குறையாது. பதினைந்து கருவிக்கும் ஆளுக்கு இரண்டு பத்தி, ஒவ்வொரு வரியிலும் ‘மிக முக்கியம்’, ‘கட்டாயம்’ என்று எழுதிவைத்தால் உண்மையிலேயே முக்கியமானது எது என்று தெரியாமல் போய்விடும். ஆபத்தில்லாத கருவிக்கு நீட்டி எழுதுவது, ஆபத்தான கருவியின் விளக்கத்தைப் பலவீனப்படுத்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காவது வழியான பொதுக்குறிப்பு, கருவிகளுக்குப் பொதுவான விஷயங்களுக்குப் பொருந்தும். தளத்தின் மொழி நடை, எந்தக் கேட்டகரி எதற்கு, யார் ஒப்புதல் தர வேண்டும் போன்றவற்றை ஒவ்வொரு கருவியிலும் திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை. ஆனால் கருவிக்கே உரிய எச்சரிக்கையை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது. இன்று நீங்கள் ஒரு செயலியில் இருந்து, கருவிகளை வழங்கும் உங்கள் எம்சிபி சர்வரை இணைத்திருப்பீர்கள், பொதுக்குறிப்பு அந்தச் செயலியில் இருக்கும். நாளை உங்கள் அலுவலகத்தில் வேறொருவர் வேறு செயலியிலிருந்து அதே சர்வரை இணைப்பார். கருவிகள் வந்துவிடும், குறிப்பு வராது. எம்சிபியில் சர்வரே பொதுவான அறிவுறுத்தலை அனுப்ப ஒரு இடம் இருக்கிறது. இணைக்கும் செயலி அதை மாடலிடம் சேர்க்கிறதா என்பது செயலியின் விருப்பம்.

நேரம் சம்பந்தப்பட்ட விதி இரண்டு இடத்திலும் இருக்க வேண்டிய ஒன்று. நாளைக் காலை 6 மணிக்கு வெளியிடு என்று சொன்னால், இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரமான யுடிசியில் கணக்குப் போட்டுப் பழகிய ஏஜென்ட் அதை 00:30 என்று மாற்றி, நேர மண்டலக் குறி எதுவும் இல்லாமல் தேதிப் புலத்தில் கொடுக்கக்கூடும். வேர்ட்பிரஸ் அந்தப் புலத்தைத் தளத்தின் நேரமாகத்தான் எடுத்துக்கொள்ளும். காலையில் வர வேண்டிய அறிவிப்பு ஐந்தரை மணி நேரம் முன்னதாக, நள்ளிரவில் வெளியாகிவிடும். பள்ளித் தேர்வு முடிவு, விலை அறிவிப்பு மாதிரியான பதிவுகளில் இது சின்ன விஷயம் இல்லை. சில தளங்களில் நேர மண்டல அமைப்பே யுடிசியில் விடப்பட்டிருக்கும், அப்போது கணக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். விளக்கம் எழுதும் முன் அமைப்புகள் பக்கத்துக்குப் போய் அதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா ஆங்கிலத்தில் எழுதலாமா என்ற கேள்வி. இரண்டையும் இன்றைய பெரிய மாடல்கள் புரிந்துகொள்கின்றன. தமிழ் எழுத்துக்கு டோக்கன் கூடுதலாகச் செலவாகும். அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆங்கிலம். ஆனால் தளம் மாறும்போதெல்லாம் விளக்கத்தையும் மாற்ற வேண்டும், அதை மாற்றப்போவது யார் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. தமிழில்தான் சரளமாக எழுதுவார் என்றால் தமிழிலேயே எழுதட்டும். புதுப்பிக்கப்படாத ஆங்கில விளக்கத்தைவிட நாள்தோறும் சரியாக இருக்கும் தமிழ் விளக்கம் மேல். ஆங்கிலத்தில் எழுதினாலும் கேட்டகரிப் பெயர்களையும் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே உள்ளே வைத்துவிடுங்கள்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சிக்கலை எந்த ஏபிஐ விளக்கமும் சொல்லித்தராது. பதிவின் முகவரியில் வரும் ஸ்லக்கைக் கொடுக்காமல் விட்டால் வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும். அதற்கு 200 எழுத்துதான் இடம். தமிழில் ஒவ்வொரு குறியீடும், புள்ளியும் கால்களும் கொம்புகளும் உட்பட, சதவீதக் குறியோடு ஒன்பது எழுத்தாக மாறும். ஆக மொத்தம் இருபத்திரண்டு குறியீடுகளுக்குத்தான் இடம். ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் உயர்வு’ என்று தலைப்பு வைத்தால் ஸ்லக் ‘மேட்டூர்-அணையின்-நீர்மட்’ என்று அறுந்து நிற்கும். மறுநாள் ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் சரிவு’ என்று செய்தி போட்டால் ஏறக்குறைய அதே ஸ்லக், பின்னால் 2 என்ற எண்ணோடு. உயர்வும் சரிவும் முகவரியில் எங்கேயும் இல்லை. வாட்ஸ்அப்பில் பகிரும்போது வெறும் சதவீதக் குறிகளின் வரிசையாகத் தெரியும் தொல்லை வேறு. இதற்கு ஸ்லக் புலத்தின் விளக்கத்தில் இரண்டு வாக்கியம் போதும்: “காலியாக விட வேண்டாம். தலைப்பின் பொருளை மூன்று முதல் ஆறு சொற்களில் ஆங்கில எழுத்தில், இடையில் கோடு போட்டுக் கொடுக்கவும்.” செலவு ஒன்றுமில்லை, பலன் தளம் இருக்கும் வரை.

எவ்வளவு நன்றாக எழுதினாலும் விளக்கம் ஒரு வேண்டுகோள்தான். எம்சிபியில் ஒரு கருவிக்கு ‘படிக்க மட்டும்’, ‘அழிக்கக்கூடியது’ என்று குறிகள் போடலாம். அவையும் குறிப்புகள் என்றுதான் நெறிமுறையே சொல்கிறது. நடக்கவே கூடாத காரியத்தை விளக்கத்தை நம்பி விடக் கூடாது, அனுமதியில் அடைக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு தொடங்கி, கான்ட்ரிபியூட்டர் நிலை கொடுத்து, வேர்ட்பிரஸ் 5.6 பதிப்பிலிருந்து இருக்கும், வெளிச் செயலிகளுக்கென்று தனியாகக் கொடுக்கும் அப்ளிகேஷன் பாஸ்வேர்டு வழியாக இணையுங்கள். அந்த நிலையில் இருப்பவரால் பதிவு எழுதிவைக்க முடியும், வெளியிட முடியாது, வெளியானதைத் தொட முடியாது, மற்றவர் பதிவில் கை வைக்க முடியாது. படம் ஏற்றவும் முடியாது என்பது இதில் இருக்கும் அசௌகரியம். படம் கட்டாயம் என்றால் ஆத்தர் நிலைக்குப் போக வேண்டிவரும், அங்கே வெளியிடும் உரிமையும் சேர்ந்தே வரும். ஃபோர்ஸ் என்ற தேர்வைக் கருவியின் புலப் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுங்கள். கருவியின் நிரல் அந்தப் புலத்தை ஏற்காவிட்டால் ஏஜென்ட் தானே சேர்த்து அனுப்பினாலும் ஒன்றும் நடக்காது. நிர்வாகி கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு விளக்கத்தில் கவனமாக இரு என்று எழுதிவைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

வெளியாரின் பிளகின்களை இணைக்கும்போது அவர்கள் எழுதிய விளக்கத்தையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். கருவி விளக்கத்துக்குள் மறைவாகக் கட்டளைகளை ஒளித்துவைத்து ஏஜென்ட்டைத் திசைதிருப்ப முடியும் என்பதை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் செய்து காட்டியது.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒரே ஆள் நடத்தும் சிறிய தளம், பதிவு எழுதி டிராஃப்டில் வைப்பது மட்டும்தான் ஏஜென்ட்டின் வேலை என்றால் நான்கைந்து கருவி போதும்: படிப்பவற்றுக்கு ஒரு வரி, எழுதுவதற்கு ஒரு பத்தி, நீக்கும் கருவியே வேண்டாம். பலர் சேர்ந்து நடத்தும் செய்தித் தளம் என்றால் மாற்றும் கருவி ஒவ்வொன்றுக்கும் பத்தி எழுதி, பொதுக்குறிப்பைச் சர்வரிலேயே வைத்து, பிழைச் செய்திகளையும் சொந்தமாக எழுதுங்கள். வூகாமர்ஸ் பிளகினில் ஓடும் ஆன்லைன் கடையும் அதே தளத்தில் இருந்தால் பெயரிலேயே பிரித்துவிடுங்கள். தேடல் என்ற பெயரில் இரண்டு கருவி இருந்தால் பொருளைத் தேட வேண்டிய இடத்தில் கட்டுரையைத் தேடிக்கொண்டிருக்கும். சோதனைத் தளமும் நடப்புத் தளமும் ஒன்றாக இணைந்திருந்தாலும் இதே கவனம் வேண்டும். வாடிக்கையாளர்கள் பலருக்கு ஒரே பிளகினைக் கொடுக்கும் டெவலப்பராக இருந்தால் தளத்துக்கே உரிய வரிகளை, அதாவது கேட்டகரி, நேர மண்டலம், ஸ்லக் விதி ஆகியவற்றை, அவர்களே மாற்றிக்கொள்ள ஒரு அமைப்புப் பக்கம் வைத்துக்கொடுங்கள்.

எழுதி முடித்ததும் சோதிப்பதற்குச் சுத்தமான வாக்கியங்களைக் கொடுக்காதீர்கள். தளத்தின் ஆசிரியர் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிய பழைய செய்திகளை எடுத்து அப்படியே கொடுங்கள்: ‘அந்த பஸ் கட்டணம் நியூஸ எடுத்துடுங்க’, ‘நேத்து போட்டதுல போட்டோ மாத்தணும்’, ‘இத உள்ளூர்லயும் போட்ருங்க’. ஏஜென்ட் எந்தக் கருவியை எடுக்கிறது, என்ன மதிப்புகளை அனுப்புகிறது என்று அதன் அழைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் (லாக்) பாருங்கள். தவறான கருவியை எடுத்தால் திருத்த வேண்டியது பெரும்பாலும் அது எடுத்த கருவியின் விளக்கத்தைத்தான். எடுக்க வேண்டிய கருவியின் விளக்கம் சரியாகவே இருக்கும். சரியான கருவியில் தவறான மதிப்பு போனால் அந்தப் புலத்தின் விளக்கத்தில் ஒரு உதாரணம் சேருங்கள். ஒரு தடவைக்கு ஒரு விளக்கத்தை மட்டும் மாற்றி, அதே செய்திகளை மீண்டும் கொடுத்துப் பாருங்கள். எந்த மாற்றம் பலன் தந்தது என்பது அப்போதுதான் தெரியும்.